ஒரே புகையிலை, ரெண்டு டப்பா: மூடிக்கு மட்டும் நீங்க எவ்வளவு கட்டுறீங்க?



2019 டிசம்பர்ல ஒரு ஆடிட் வேலையா லண்டன் போயிருந்தேன். திரும்பும்போது எங்க சாருக்கு ஏதாவது வாங்கிட்டு வரணும்னு ஆசை. நான் ஆர்ட்டிக்கிள்ஷிப் பண்ணது அவர்கிட்டதான். எழுபது வயசுலயும் பைப் பிடிக்கிற மனுஷன். விட்டுடுங்க சார்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு, கேக்கல. அப்படிப்பட்டவருக்குப் புகையிலையே வாங்கிட்டுப் போனது என்னோட முதல் தப்பு. (பைப் புகை சிகரெட் மாதிரி இல்ல, மென்மைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய் எல்லாம் இதுலயும் வரும்.)

ரெண்டாவது தப்புதான் இந்தக் கட்டுரை.

கடைக்காரர் ரெண்டு டப்பாவை எடுத்து மேசையில வெச்சார். ரெண்டும் வட்டமான தகர டப்பா, ரெண்டும் 50 கிராம், ரெண்டுலயும் 'நைட்கேப்'னு எழுதியிருந்தது. ஒண்ணுல மேல டன்ஹில்னு பேர், இன்னொண்ணுல பீட்டர்சன். டன்ஹில் பழைய ஸ்டாக், கடைசி சில டப்பாக்கள், அதனால விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. "உள்ளே இருக்கிற கலவை ஒண்ணுதான்" என்று விற்கிறவரே சொன்னார். நான் எதை எடுத்தேன்னு நினைக்கிறீங்க? டன்ஹில்தான். வருஷம் பூரா அடுத்தவங்க செலவுக் கணக்கை நோண்டுற ஒரு சி.ஏ. செஞ்ச வேலை இது.

கடைக்காரர் சொன்னது உண்மையா? ஹோட்டலுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஆல்ஃபிரெட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் ஸ்ட்ரீட்டில் புகையிலைக் கடை திறந்தார். வர்ற வாடிக்கையாளருக்குத் தனித்தனியா கலவை போட்டு, அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நம்பர் கொடுத்து எழுதி வைப்பாங்க. 'மை மிக்ஸ்சர் 965' என்ற பேர் அந்த வழக்கத்தில் வந்தது. அந்தக் கடை, அந்த நோட்டு எல்லாம் பழங்கதை. கடைசி வருஷங்களில் டன்ஹில் பைப் புகையிலை என்ற பெயர் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கையில் இருந்தது. புகையிலை தயாரானது டென்மார்க்கில், ஸ்கேண்டினேவியன் டொபாக்கோ குரூப்பில். 2018 வாக்கில் டன்ஹில் பெயரில் பைப் புகையிலை விற்பது நின்றுபோனது. இனி கிடைக்காதுன்னு தெரிந்ததும் ஆட்கள் டப்பா டப்பாவா வாங்கிப் பதுக்க ஆரம்பிச்சாங்க, விலையும் ஏறிச்சு. 2019இல் அதே நைட்கேப், அதே ஏர்லி மார்னிங் பைப், அதே 965 எல்லாம் அயர்லாந்தின் பீட்டர்சன் பெயரில் திரும்பி வந்தது. பீட்டர்சன் டப்ளின் நகரத்துப் பழைய பைப் கம்பெனி. ஆனா புகையிலை தயாராவது அதே டென்மார்க் நிறுவனத்தில்தான். மாறினது மூடி மேல இருந்த பேர்.

பதுக்கினவங்க எதைப் பதுக்கினாங்க? யோசிச்சுப் பாருங்க.

டப்பா மேல இருக்கிற பெயர்களையும் கவனிங்க. ஏர்லி மார்னிங் பைப் காலையில, நைட்கேப் ராத்திரி தூங்கப் போகும்போது. புகையிலைக்கு நேரம் காலம் தெரியுமா என்ன? ஆனா இப்படிப் பேர் வெச்சா, ஒரு டப்பா போதும்னு இருந்தவர் ரெண்டு டப்பா வாங்குவார். ஷாம்புல இருந்து ஃபேஸ் கிரீம் வரைக்கும் "டே", "நைட்"னு வர்றதும் இதே வித்தைதான்.

சரி, டிசைன் நிஜமாவே இவ்வளவு வேலை செய்யுமா? இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆதாரம் ஆஸ்திரேலியா. 2012 டிசம்பர் 1 முதல் அங்கே எல்லாப் புகையிலையும், பைப் புகையிலை உட்பட, ஒரே மாதிரி அட்டையில்தான் விற்கணும். லோகோ கூடாது, அலங்காரம் கூடாது. கம்பெனி பேர்கூட அரசு சொன்ன எழுத்துருவில், சொன்ன அளவில். நிறம் பான்டோன் 448சி, சேறும் கறுப்பும் கலந்த ஒரு பழுப்பு. பார்த்தாலே பிடிக்கக் கூடாதுன்னு ஆராய்ச்சி பண்ணித் தேர்ந்தெடுத்தது. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? "ருசி மாறிடுச்சு, மட்டமான சரக்கைப் போடுறாங்க"ன்னு புகைப்பவர்கள் புகார் சொன்னாங்க. உள்ளே எதையும் மாத்தலைன்னு அப்போதைய சுகாதார அமைச்சர் தான்யா பிளிபர்செக் விளக்கம் சொல்ல வேண்டியதாச்சு. கண்ணு பார்த்த அட்டையை நாக்கு ருசியா எடுத்துக்கிச்சு.

அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பெரிய பெரிய கம்பெனிகள் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போய், 2012 ஆகஸ்ட்டில் தோற்றன. பெட்டி மேல இருக்கிற படத்தால விற்பனையே கூடாதுன்னா, அதுக்காக எதுக்கு அவ்வளவு வக்கீல் ஃபீஸ்? பிரிட்டனில் இதே மாதிரி சட்டம் வந்தப்போ சிகரெட்டும் கையால் சுருட்டும் புகையிலையும் மட்டும்தான் மாட்டிச்சு. பைப் புகையிலை தப்பிச்சது. அதனாலதான் எச்சரிக்கை வாசகத்தோட சேர்த்து அழகழகான டப்பாவும் என் கண்ணுல பட்டுச்சு.

ஒரு அக்கவுண்டிங் விஷயம், சுருக்கமா. இந்த் ஏ.எஸ். 38 விதிப்படி ஒரு கம்பெனி தானே வளர்த்த பிராண்டைத் தன் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்ட முடியாது. இன்னொருத்தர்கிட்ட இருந்து விலைக்கு வாங்கின பிராண்டைக் காட்டலாம். அதாவது சொந்தமா வளர்த்த பேர் அவங்க கணக்குப் புத்தகத்துல இல்ல, ஆனா உங்க பில்லுல இருக்கு. அதை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

ஒரு கணக்குப் போடலாம். இது உதாரண எண்தான். ஒரு கலவை டப்பாவில் 50 கிராம் 1,500 ரூபாய், அதே கலவை சில்லறையா 100 கிராம் 2,200 ரூபாய்னு வைங்க. கிராமுக்கு 30, கிராமுக்கு 22. வித்தியாசம் 8 ரூபாய், டப்பாவுக்கு 400. மாசம் ரெண்டு டப்பான்னா வருஷத்துக்கு 9,600 ரூபாய். அமெரிக்காவில் பல கடைகள் மொத்தமாக வாங்கின ஒரே கலவையைக் கண்ணாடி ஜாடியில் போட்டுத் தங்கள் சொந்தப் பேர் ஒட்டி விற்கும். ஜாடிக்கு ஜாடி பேர் வேற, சரக்கு ஒண்ணு.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். அந்த 400 முழுக்க ஏமாத்து இல்ல. காற்றுப் புகாம மூடின டப்பாவில் புகையிலை வருஷக்கணக்கா காயாம இருக்கும்; சில்லறைப் பொட்டலம் சீக்கிரம் காய்ஞ்சிடும். பாதுகாப்புக்குக் கொடுக்கிற காசு செலவு. அழகுக்குக் கொடுக்கிறதும் தப்பில்ல, தெரிஞ்சு கொடுத்தா. நான் லண்டன்ல கொடுத்தது பாதுகாப்புக்கு இல்லை, ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி மூடினதுதான்.

உங்களில் பெரும்பாலானவங்க பைப் பிடிக்கிறது இல்லைன்னு நம்புறேன். ஆனா காபிப் பொடி, வே புரோட்டீன், பெர்ஃப்யூம் வாங்குறீங்க இல்லையா? நம்ம ஊர் பாக்கெட்டில் எம்.ஆர்.பி. பக்கத்துல 'யூனிட் சேல் பிரைஸ்'னு சின்ன எழுத்துல கிராமுக்கோ மில்லிக்கோ விலை போட்டிருப்பாங்க. முன்பக்கத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. பெட்டி பெருசா, எடை கம்மியா இருக்கிறது அங்கேதான் மாட்டும்.

மியூச்சுவல் ஃபண்டும் இப்படித்தான். 2013 ஜனவரியில் இருந்து செபி உத்தரவுப்படி ஒரே ஃபண்டுக்கு ரெகுலர், டைரக்ட்னு ரெண்டு பிளான். மேனேஜர் ஒருத்தர், வாங்கற பங்குகள் ஒண்ணு. ரெகுலர்ல விநியோகஸ்தர் கமிஷன் சேரும். அவர் உங்களுக்கு உருப்படியா ஆலோசனை சொல்றார்னா கொடுங்க. சம்பளக் கணக்கு இருக்கிற பேங்க்ல யாரோ நீட்டின ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டதா மட்டும் இருந்தா, இந்த வாரமே ஸ்டேட்மென்டை எடுத்து உங்க பிளான் பேர் பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க.

சார்கிட்ட டப்பாவைக் கொடுத்தப்போ ரொம்ப சந்தோஷப்பட்டார். ஒரு காயினை மூடி இடுக்குல விட்டுத் திருகித் திறந்தார், முகர்ந்து பார்த்தார், தலையாட்டினார். எழுந்து போய் அலமாரியில இருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தார். புகையிலை மொத்தத்தையும் அதுல கொட்டி மூடினார்.

"டப்பா நல்லா இருக்குப்பா, நீயே வெச்சுக்கோ"ன்னார்.

இப்போ அதுலதான் ஜெம் கிளிப் போட்டு வெச்சிருக்கேன்.