வறள்காலமும் வனவிலங்குகளும்

நுழையும்முன்

பனிநாடுகளில் கடுங்குளிர் காட்டுயிர்களுக்குத் தரும் சோதனையைத் தமிழ்நாட்டின் இலையுதிர் காடுகளில் வேனில் தருகிறது. உணவும் நீரும் அருகும் அக்காலத்தை விலங்குகள் எவ்வாறு கடக்கின்றன என்பதையும், அதில் மனிதர்க்குள்ள பொறுப்பையும் கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளை முன்னிறுத்தி விளக்குகிறது இப்பாடம்.

பண்டைத் தமிழர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மலையும் காடும் வெம்மையால் வளம் குன்றும்போது பாலையாகத் திரியும் என்னும் கருத்து சிலப்பதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. நிலத்தின் இயல்பைப் பருவமே மாற்றுகிறது என்பதை அவர்கள் நுட்பமாக அறிந்திருந்தனர்.

பனிநாட்டு மான்கள்

வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான், குளிர்காலம் தொடங்குமுன் மிகுதியாக உண்டு உடலில் கொழுப்பைச் சேமிக்கிறது. பனி மூடியபின் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு ஊசியிலை மரங்களின் அடியில் ஒதுங்குகிறது. ஆழ்ந்த பனியில் ஓடுவது அதன் சேமிப்பை விரைவில் கரைத்துவிடும். குளிர் நீளுமாயின் சேமிப்புக் குறைந்த குட்டிகளே முதலில் மடிகின்றன. காஷ்மீரின் ஹங்குல் மான்களோ தாச்சிகாம் மலையின் உயர்சரிவுகளை விட்டுக் குளிர்காலத்தில் தாழ்வான பகுதிக்கு இறங்குகின்றன. சேமித்தல், ஒடுங்குதல், இடம்பெயர்தல் ஆகிய மூன்றுமே கடும்பருவத்தைக் கடக்க விலங்குகள் கண்ட வழிகள்.

ஓசூர்க் காடுகளின் வேனில்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பரந்துள்ள காடுகளில் 2014ஆம் ஆண்டு காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயமும், 2022ஆம் ஆண்டு காவிரி தெற்குக் காட்டுயிர்ச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. முன்னது ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டரும், பின்னது ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டரும் பரப்புடையவை. யானை, சிறுத்தை, புள்ளிமான், கடமான், நாற்கொம்பு மான், சாம்பல் நிற மலை அணில், நீர்நாய் முதலிய உயிர்கள் இங்கு வாழ்கின்றன.

வறள்காலத்தில் இக்காடுகளின் மரங்கள் இலையுதிர்க்கின்றன. புல் காய்ந்து நாராகிறது. அதிலுள்ள புரதம் குறைகிறது. வயிறு நிறைய உண்டும் மான் மெலிவது இதனாலேயே. ஓடைகள் வற்றி ஆங்காங்கே குட்டைகளாகச் சுருங்குகின்றன. நாள்தோறும் நீர் பருகவேண்டிய புள்ளிமான் அக்குட்டைகளை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாது. ஆகவே மந்தைகள் நீர்நிலையைச் சுற்றி நெருங்குகின்றன. அருகிலுள்ள மேய்ச்சல் விரைவில் தீர்கிறது. நோய் எளிதில் பரவுகிறது. அங்குக் காத்திருந்தால் இரை கிட்டும் என்பதைச் சிறுத்தையும் அறியும்.

இந்நெருக்கடியிலும் ஓர் ஒத்துழைப்புக் காணப்படுகிறது. மரத்தின்மேல் குரங்குகள் உண்ணும்போது சிதறும் தளிரும் காயும் கீழே நிற்கும் மான்களுக்கு உணவாகின்றன. பகை நெருங்குவதை இரண்டும் ஒன்றற்கொன்று குரலால் உணர்த்துகின்றன.

எல்லை அறியா யானைகள்

நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் பருகும் யானைக்கு ஒரே காடு போதாது. ஆண்டுதோறும் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூரை ஒட்டிய சானமாவுக் காடுவரை வருகின்றன. அவை வரும் காலமும் கேழ்வரகு கதிர்முற்றும் காலமும் ஒன்றே. ஆண்டு முழுதும் உழைத்த உழவர், பனிபெய்யும் இரவில் பரண்மீது கண்விழித்துப் பயிரைக் காக்கின்றனர். சில இரவுகளில் பயிர் அழிகிறது. சில இரவுகளில் மனித உயிரோ யானையின் உயிரோ பறிபோகிறது. 1970களில் தொழிற்பேட்டை அமைந்தபின் ஓசூர் வேகமாக வளர்ந்தது. ஆலைகளும் குடியிருப்புகளும் நெடுஞ்சாலையும் யானைகளின் பழைய வழித்தடங்களைக் குறுக்கிட்டன. இடம்பெயர்ந்து பிழைத்த உயிருக்கு இடம்பெயரும் வழியே அடைபடுவது, பருவத்தின் கொடுமையினும் பெரிய கொடுமையாகும்.

தெரிந்து தெளிவோம்

மான், அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளே தழையைச் செரிக்கச் செய்கின்றன. அவை பழகிய உணவுக்கேற்ப அமைந்தவை. தானியத்தையோ ரொட்டியையோ திடீரென மிகுதியாகத் தின்ற மானின் இரைப்பையில் அமிலம் பெருகி, அது இறக்கவும் கூடும். இரக்கத்தால் இடும் உணவே நஞ்சாகலாம்.

செய்யத்தக்கவை

வேனிலில் வனத்துறை காட்டுத் தொட்டிகளில் நீர் நிரப்புகிறது. இது உடனடி உதவி. எனினும், தொட்டிகள் ஓரிடத்தில் குவிந்தால் விலங்குகளும் அங்கேயே குவிந்து மேய்ச்சலை அழிக்கும். ஆகவே அவற்றைப் பரவலாக அமைத்தல் வேண்டும். புல்வெளியை விழுங்கிப் பரவும் உண்ணிச்செடியை அகற்றினால் மேய்ச்சல் மீளும். ஓடைகளில் தடுப்பணை கட்டினால் மழைநீர் நிலத்தில் ஊறும். பயிரிழந்த உழவர்க்கு இழப்பீடு காலத்தே கிடைத்தால் யானையின்மீது அவர்க்குள்ள சினம் தணியும்.

தென்பெண்ணை நீரால் நிறையும் பாரூர் ஏரி வயலுக்கும் கால்நடைக்கும் வாழ்வளிக்கிறது. ஏரி வற்றினால் ஊர் படும் துயரை அங்குள்ளோர் அறிவர். காட்டுக் குட்டை வற்றும்போது மானும் யானையும் படும் துயரும் அத்தகையதே. தமக்கென நீரைத் தேக்கிவைக்கும் மனிதர், பேசவியலாத உயிர்களுக்குரிய பங்கையும் காத்துவைத்தல் அறம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் நீர்நிலைக்கு வேனிற்காலத்தில் வரும் பறவைகளையும் விலங்குகளையும் ஒரு வாரம் உற்றுநோக்கிப் பட்டியலிடுக.
2. ‘யானையின் வழியும் உழவரின் வயலும்’ என்னும் தலைப்பில் இருதரப்பு நியாயங்களையும் முன்வைத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.