காதால் கற்கும் ஆங்கிலம்



'பெரட்டு', 'செக்ரோல்' ஆகிய ஆங்கிலச் சொற்களை நம் முன்னோர் காதால் கேட்டே கற்றனர். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தாலும் மண்சரிவாலும் இடம்பெயர்ந்தோருக்கு, அலுவலக ஆங்கிலமும் அப்படியே வசப்படும்.

சொல்லொழுங்கு: தமிழில் வினை கடைசியில் வரும்: "எங்களுக்குக் காணி உறுதி வேண்டும்." ஆங்கிலத்தில் நடுவில் வரும்: "வீ நீட் த டீட்." 'நீட்' என்றதும், என்ன வேண்டும் என்பதற்குச் செவிகொடுங்கள்.

மரபுத்தொடர்: "வீ வில் லுக் இன்டு இட்" என்றால் உள்ளே பார்ப்பதல்ல, விசாரிப்பது. அது சம்மதமும் அல்ல. "பை வென்?" (எப்போதைக்குள்?) என்று கேட்டுத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி: வானொலியில் தமிழ்ச் செய்தியை முதலில் கேட்டு, பின்னர் ஆங்கிலச் செய்தியைக் கேளுங்கள். விடயம் தெரிந்திருப்பதால் சொற்கள் பிடிபடும். தினம் ஒரு வசனத்தைப் பிள்ளைகளோடு மூன்று தடவை உரக்கச் சொல்லுங்கள்.