வீட்டில் செய்யும் ஸ்கீக்கு எஃகு விளிம்பு: வாங்கும் முன்பும் ஒட்டும் முன்பும்

பனிச்சறுக்குப் பலகையைச் சொந்தப் பட்டறையில் செய்துகொள்ள முயல்பவர்களுக்கு மரம் இழைப்பதும் எபாக்ஸி பூசுவதும் சீக்கிரமே கைவந்துவிடும். தடுமாற்றமெல்லாம் விளிம்பில்தான். ஒஸ்லோவிலோ டொரொன்டோவிலோ கராஜ் வைத்திருக்கும் நம்மவர் யாருக்காவது இந்த ஆசை இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. எந்தப் பனியில் இறங்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆழமான புதுப்பனியில் மட்டும் என்றால் விளிம்புக்குப் பெரிய வேலை இல்லை. அல்தாய் மலைவாசிகள் குதிரைத்தோல் போர்த்திய மரப்பலகையில், இரும்பே இல்லாமல், சரிவுகளில் இறங்குகிறார்கள். ஆனால் இயந்திரம் உருட்டிக் கெட்டித்த பாதையிலும், பகலில் உருகி இரவில் உறைந்த சரிவிலும் எஃகு இல்லாமல் நிற்கவே முடியாது. திரும்பும்போது உடம்பின் பாரம் முழுவதையும் 2 மி.மீ. அகலப் பட்டைதான் தாங்குகிறது.

2. "மரத்தில் இரும்புப் பட்டையைத் திருகிவிட்டால் போதாதா?" போதாது. ஆஸ்திரியாவின் ருடால்ஃப் லெட்னர் 1920களில் அப்படித்தான் ஆரம்பித்தார்: துண்டு துண்டான எஃகுப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் திருகாணிகள். மலையேறிகளுக்கு அது பெரிய வரம்தான். ஆனாலும் பலகை வளைந்து வளைந்து திருகு தளரும், துண்டு கழன்று போகும். இன்று வாங்க வேண்டியது 'எல்' வடிவப் பட்டை. அதன் படுக்கைப் பக்கம் சீப்புபோலப் பல்பல்லாக வெட்டப்பட்டிருக்கும். பல்லிடுக்குகளில் எபாக்ஸி இறங்கிப் பிடித்துக்கொள்ளும், திருகே வேண்டாம்.

3. விளிம்பையும் அடிப்பக்க பிளாஸ்டிக்கையும் தனித்தனியாக வாங்காதீர்கள். பட்டையின் மொத்த உயரம் 2 மி.மீ., பல் பகுதியின் தடிமன் 0.6 மி.மீ. என்றால், பிளாஸ்டிக் 1.4 மி.மீ. இருக்க வேண்டும். சரியான அளவு கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் சற்றே தடிமனாக இருக்கட்டும். அதைச் சீவிக் குறைப்பது சுலபம். எஃகு துருத்திக்கொண்டு நின்றால் பலகை திரும்ப மறுக்கும், எஃகைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோகும்.

4. முழுச் சுற்றா, பாதிச் சுற்றா? அதிகம் விவாதிக்கப்படுவது இதுதான். முழுச் சுற்றில் எஃகு மூக்கையும் வாலையும் வளைத்துக்கொண்டு போகும். கல்லில் இடித்தாலும், ஒரு பலகை மூக்கு மற்றதில் மோதினாலும், அடுக்குகள் எளிதில் பிளக்காது. பாதிச் சுற்றில், முன்பக்கத்தின் அகலமான இடத்திலிருந்து பின்பக்கத்தின் அகலமான இடம் வரை மட்டும் எஃகு. மற்ற இடங்களில் பிளாஸ்டிக் துண்டு. சாய்ந்து திரும்பும்போது கெட்டிப் பனியைக் கடிப்பது இந்தப் பகுதிதான் என்பதால் பிடிமானம் குறையாது.

பாதிச் சுற்று எடையைக் குறைக்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குறுக்குவெட்டு 6 சதுர மி.மீ. உள்ள பட்டை மீட்டருக்கு சுமார் 47 கிராம். மூக்கிலும் வாலிலும் மிச்சமாவது 60 செ.மீ. என்றால் ஒரு பலகைக்கு 28 கிராம்தான். அது ஒரு லாபமே அல்ல. உண்மையான லாபம் வேலையில். பலகையின் இடுப்பு வளைவு மிக மெல்லியது. பட்டையைக் கையால் அழுத்தினாலே படிந்துவிடும். மூக்கை வளைப்பதற்கோ பொறுமையும் பழக்கமும் வேண்டும். முதல் ஜோடிக்குப் பாதிச் சுற்றே போதும் என்பேன். பட்டையின் இரு நுனிகளையும் மட்டும் சரிவாக அராவி, லேசாக உள்நோக்கி மடக்கிவிடுங்கள். நேராக வெட்டிய நுனிதான் முதலில் கிளம்பும்.

5. முழுச் சுற்றுதான் என்று பிடிவாதமா? மரத்தில் அச்சு வெட்டி, தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வளையுங்கள். எஃகு பின்வாங்கும். உள்வளைவில் பற்கள் ஒன்றோடொன்று இடித்தால் சிலவற்றை நறுக்கிவிடலாம். சிவக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டாம். எஃகின் கடினம் போய்விடும். இணைப்பு வால் நடுவில் வரட்டும்.

6. கடையிலிருந்து வரும் பட்டையில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். உப்புத்தாளால் பற்களின் மேல் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். துணி கறுப்பாவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். அதன் பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

7. பிளாஸ்டிக்கோடு பட்டையைச் சேர்க்க சூப்பர் குளூ போதும். சில செ.மீ.க்கு ஒரு சொட்டு, அதன்மேல் ஒரு கிளாம்ப். இது எபாக்ஸி போடும் வரைக்கான தற்காலிகப் பிடிதான். வழிந்த பசையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

8. பற்களின் மேல் மெல்லிய ரப்பர் நாடா வைக்காமல் மூடாதீர்கள். பலகை வளையும்போதும் அடிபடும்போதும் எஃகு ஒரு விதமாகவும் அதன்மேல் வரும் ஃபைபர் கிளாஸ் அடுக்கு வேறு விதமாகவும் அசையும். இடையில் உள்ள எபாக்ஸி விறைப்பானது, விரிசல் விட்டுவிடும். ரப்பர் அந்த இழுபறியை வாங்கிக்கொள்ளும். எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம்.

9. எபாக்ஸியைச் சூடேற்றி இறுக வைப்பவர்கள் நிதானமாகப் போகவும். அடிப்பக்க பாலிஎதிலீன் எஃகைப்போலப் பத்து மடங்குக்கு மேல் விரியும். ஆறும்போது அதே அளவு சுருங்கி, அடிப்பக்கம் குழிந்துவிடலாம். நேரம் இருந்தால் அறை வெப்பத்திலேயே விடுங்கள்.

10. எபாக்ஸி இறுகி, பலகையை அதன் அச்சிலிருந்து எடுத்தபின் ரம்பத்தை எஃகுக்கு ஓரிரு மி.மீ. தள்ளியே ஓட்டுங்கள். மிச்சத்தை மணல் பெல்ட்டில் தேய்க்கலாம். கை வைக்க முடியாத அளவு விளிம்பு சுட்டால் உடனே நிறுத்துங்கள். உள்ளே எபாக்ஸி இளகும்.

11. கூர் தீட்டும்போது அடிப்பக்கம் 1 டிகிரி, பக்கவாட்டில் 2 டிகிரி. பொதுப் பயன்பாட்டுக்கு இது போதும். இரு முனைகளிலும் கூரைச் சற்று மழுக்கிவிடுங்கள். கல்லில் பட்ட இடம் இறுகிப்போயிருக்கும், அரம் அதில் வழுக்கும். அங்கே முதலில் வைரக்கல்லால் தேய்த்துவிட்டு, பிறகு அரம் போடுங்கள்.