மழையில் குறைந்த மணல்

பல ஆண்டுகளுக்கு முன், நான் இரண்டாம் படிவத்தில் படித்தபோது, கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சுக்குத் தரைக்கல் பதிக்க அப்பா ஒரு சின்ன லோரி மணல் வாங்கினார். லோரிக்காரர் கொட்டிவிட்டுப் போனதும், நானும் மாமாவும் அதை வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய செங்கல் தொட்டியில் அள்ளிப் போட்டோம். தொட்டி முக்கால் மீட்டர் ஆழம். மணல் விளிம்புவரை நிரம்பியது. அன்றிரவு நல்ல மழை. விடிந்து பார்த்தால் மணல் விளிம்பிலிருந்து நான்கைந்து விரல்கடை கீழே இறங்கியிருந்தது.

சுவர் உடையவில்லை. மணல் வழிந்தோடிய தடமும் இல்லை. அப்படியானால் யாரோ அள்ளியிருக்க வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. பக்கத்து வீட்டிலும் அப்போது கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பா போய் ஏதோ கேட்க, அவர்கள் ஏதோ சொல்ல, இரு வீட்டாருக்கும் பல மாதங்கள் பேச்சே இல்லை. கல் பதிக்க வந்த கொத்தனார் தொட்டியைப் பார்த்துச் சிரித்தார். "மணல் எங்கேயும் போகலைங்க. நேத்து ஊதியிருந்துச்சு, இன்னிக்கு உட்கார்ந்துருச்சு" என்றார். அப்பா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் அறிவியல்.

மணல் ஏன் ஊதுகிறது?

காய்ந்த மணலில் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நெருக்கமாக அமர்கின்றன. கொஞ்சம் நீர் சேர்ந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் உருவாகிறது. துகள்கள் தொடும் இடங்களில் நீரின் பரப்பு இழுவிசை அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட துகள்கள் சரிந்து இடைவெளிகளை நிரப்ப முடிவதில்லை. உள்ளே காற்றை அடைத்துக்கொண்டு கூடுபோல நிற்கின்றன. கடற்கரையில் ஈர மணலில் கோட்டை கட்ட முடிவதும் காய்ந்த மணலில் முடியாததும் இதே காரணத்தால்தான். எடையில் 5 விழுக்காடு அளவுக்கு நீர் இருக்கும்போது இந்த உப்பல் உச்சத்தை எட்டுகிறது. பருமணல் என்றால் 15 முதல் 20 விழுக்காடு வரை கனஅளவு கூடும். நுண்மணல் என்றால் 30 விழுக்காட்டையும் தாண்டும். துகள் சிறுத்தால் மொத்தப் பரப்பு கூடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்: 1 மில்லிமீட்டர் கனசதுரத்தை அரை மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பளவு இரு மடங்காகும். பரப்பு கூடினால் படலமும் கூடும்.

மேலும் மேலும் நீர் ஊற்றினால் என்ன ஆகும்? இடைவெளிகள் முழுக்க நீரால் நிரம்பியதும் அந்தப் படலங்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. இழுவிசையின் பிடி விட்டுவிடுகிறது. துகள்கள் சரிந்து உட்கார்கின்றன. கனஅளவு ஏறக்குறைய உலர்ந்த மணலின் அளவுக்கே திரும்புகிறது. எங்கள் தொட்டியில் அன்றிரவு நடந்தது இதுதான். களவு போனது மணல் அல்ல, காற்று.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த மணலை 200 மில்லிலிட்டர் அளந்துகொள்ளுங்கள். செய்தித்தாளில் கொட்டி, மூன்று தேக்கரண்டி நீர் தெளித்துப் பிசறுங்கள். பிறகு அதே அளவுகுவளையில் தட்டாமல், அழுத்தாமல் போடுங்கள். 200ஐத் தாண்டி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, மணல் மூழ்கும்வரை நீர் ஊற்றிக் குச்சியால் கிளறிவிட்டு மறுபடியும் பாருங்கள்.

கட்டுமான இடத்திலும் இதே சோதனைதான், வாளியில். நேரான பக்கங்கள் கொண்ட வாளியில் ஈர மணல் 30 சென்டிமீட்டர் உயரம் இருந்து, நீரில் மூழ்கியதும் 24 ஆகக் குறைந்தால், குறைந்தது 6. 6ஐ 24ஆல் வகுத்தால் உப்பல் 25 விழுக்காடு.

இந்த எண்ணை அலட்சியம் செய்தால் கான்கிரீட் கெடும். ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல் என்ற கலவையை நம் வேலைத்தளங்களில் வாளியால் அளந்தே போடுகிறார்கள். மணல் 25 விழுக்காடு உப்பியிருந்தால், இரண்டு வாளியில் உண்மையில் விழும் மணல் 1.6 வாளி மட்டுமே. கற்களுக்கு இடையே நிரப்ப மணல் போதாமல் கான்கிரீட்டில் தேன்கூடு போல் ஓட்டைகள் விழும். அந்த ஓட்டைகள் வழியே நீர் இறங்கிக் கம்பியைத் தொடும். திருத்தம் எளிது: இரண்டு வாளிக்குப் பதில் இரண்டரை வாளி.

எந்த மணல்?

அளவுக்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும். ஹார்ட்வேர் கடையில் கேட்டால் பாசிர் காசார், பாசிர் ஹாலுஸ் என்பார்கள், பருமணல், நுண்மணல். கான்கிரீட்டுக்குப் பருமணல், சுவர்ப் பூச்சுக்கு நுண்மணல் என்பது பொது வழக்கம். ஆனால் அந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்கு ஒரு சுவையான பதில் உண்டு.

தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் சுமார் 20 கோடி ஆண்டுகள் பழமையானது. மழையும் வெப்பமும் அதை அரிக்கும்போது, அதிலுள்ள பெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் சிதைந்து களிமண் ஆகிறது. குவார்ட்ஸ் சிதையாமல் மணலாக மிஞ்சுகிறது. ஈயத் தாதுவான காசிட்டரைட்டும் சேர்ந்து ஆறுகளில் அடித்து வரப்படுகிறது. களிமண், மணல், ஈயம் மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லலாம். களிமண்ணால் ஓர் ஊருக்கே பெயர் கிடைத்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் குடிசைகளையும் அழித்தன. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் செய்தார். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ்.

ஈயத்தின் கதை அதற்கும் முந்தியது. 1857இல் 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே வந்து அம்பாங்கில் ஈயம் தோண்டத் தொடங்கினார்கள். பின்னாளில் மண்ணை நீரோடு கலக்கி, 'பாலோங்' எனப்படும் நீண்ட மரவாய்க்காலில் ஓடவிடும் முறை வந்தது. காசிட்டரைட்டின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு, குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 மடங்கு. கனமான ஈயத்தாது தடுப்புக் கட்டைகளில் தங்கும். மணலும் சேறும் வெளியே போகும். வெளியே போனதிலும் ஒரு பிரிவினை நடந்தது. மணல் கனமாதலால் வாய்க்கால் வாயருகே படிந்தது. நுண்ணிய சேறு நீரோடு தூரம் போய்க் குட்டைகளில் அடங்கியது. சுரங்கக்காரர்களுக்கு அந்த மணல் குப்பை. 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, மணல் மேடுகளும் பள்ளக் குளங்களும் மிஞ்சின. சன்வே லகூன் இருக்கும் இடம் அப்படி ஒரு பழைய சுரங்கம்தான். அந்த மேடுகளின் மணலைத்தான் கழுவிச் சலித்துப் பிறகு கட்டுமானத்துக்கு எடுத்தார்கள். தாத்தா காலத்துக் குப்பை பேரனின் வீட்டுச் சுவரானது.

சுரங்க மணலில் கவனிக்க வேண்டியது சேறு. சரியாகக் கழுவாத மணலில் களிமண் படலம் துகளைப் போர்த்தியிருக்கும், சிமெண்டு ஒட்டாது. இதற்குக் கண்ணாடிப் புட்டி போதும். பாதிவரை மணல் போட்டு, அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி என்ற அளவில் உப்புக் கரைத்த நீரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மூன்று மணிநேரம் அசையாமல் வையுங்கள். உப்பு, களிமண் துகள்களைத் திரளவைத்துச் சீக்கிரம் படியச் செய்கிறது. மணல் அடுக்கு 60 மில்லிமீட்டர், அதன்மேல் சேறு 3 மில்லிமீட்டர் என்றால் 5 விழுக்காடு. 8 விழுக்காட்டைத் தாண்டினால் கான்கிரீட்டுக்கு வேண்டாம் என்பது வேலைத்தளத்து வழக்கம்.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, போர்ட்டிக்சன் கடற்கரையில் அள்ளிவந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கடல்மணலில் ஒட்டியிருக்கும் உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பியைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் துளைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கும். தைவானில் 1980களிலும் 1990களிலும் கழுவாத கடல்மணலில் கட்டிய குடியிருப்புகளின் கூரைகள் பெயர்ந்து விழுந்தன. 'கடல்மணல் வீடு' என்றே அங்கு அவற்றுக்குப் பெயர். நன்னீரில் முறையாகக் கழுவிச் சோதித்தால் கடல்மணலையும் பயன்படுத்தலாம், ஆனால் அது வீட்டு முற்றத்தில் நடக்கும் காரியம் அல்ல. சந்தேக மணலை வேதியியல் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். காய்ச்சி வடித்த நீரில் அலசி வடிகட்டி, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, வெள்ளி நைட்ரேட்டு சில துளி விட்டால், குளோரைடு இருக்கும்போது வெண்மையாகக் கலங்கும். குழாய் நீரிலும் குளோரைடு உண்டு என்பதால் அதில் அலச வேண்டாம்.

தோட்டத்துக்கும் உப்பு ஆகாது. வேர் நீரை உறிஞ்சத் தடுமாறும். புல்தரையைச் சமப்படுத்தக் கழுவிய பருமணல் நல்லது. ஆனால் கெட்டிக் களிமண்ணில் கொஞ்சமாக மணல் சேர்த்தால் மண் இளகாது, இன்னும் இறுகும். அங்கே இலைமக்கு உரம்தான் வேலை செய்யும்.

எவ்வளவு கேட்பது?

'ஒரு லோரி' என்பது அளவே அல்ல. தரைக்கல் பதிக்க வேண்டிய இடம் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், மணல் படுகை 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 6 × 3 × 0.05 = 0.9 கனமீட்டர். ஈர மணல் 25 விழுக்காடு உப்பியிருக்கும் என்பதால் 1.25ஆல் பெருக்குங்கள், 1.125. சிந்துவதற்கும் சிதறுவதற்கும் 10 விழுக்காடு சேர்த்தால் ஏறக்குறைய 1.25 கனமீட்டர். உலர்மணல் ஒரு கனமீட்டர் சுமார் 1.6 டன். எனவே இது ஒன்றரை டன்னைத் தாண்டும் சுமை. ஒரு டன் லோரி ஒரே நடையில் கொண்டுவர முடியாது. கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால், ஒன்று மணல் குறைவு, இல்லையேல் லோரியில் அளவுக்கு மீறிய பாரம்.

விலை கேட்கும்போது டன் கணக்கா, கனமீட்டர் கணக்கா என்று முதலில் கேளுங்கள். ஈர மணலை எடையில் வாங்கினால் நீருக்கும் பணம் கொடுக்கிறீர்கள். கனஅளவில் வாங்கினால் காற்றுக்கும் கொடுக்கிறீர்கள். என்னைக் கேட்டால் நீருக்குக் கொடுப்பதே மேல். 5 விழுக்காடு ஈரத்துக்கு நட்டம் 5 விழுக்காட்டுக்குள் அடங்கும். காற்றின் நட்டம் அதைப்போல் நான்கு மடங்கு.

கொட்டிய குவியலையும் அளக்கலாம். மணல் ஏறத்தாழ கூம்பாகவே விழும். அடிச்சுற்றளவை நாடாவால் அளந்து வர்க்கப்படுத்தி, உயரத்தால் பெருக்கி, 38ஆல் வகுத்தால் கனமீட்டர் கிடைக்கும். கூம்பின் கனஅளவு சூத்திரத்தில் ஆரத்துக்குப் பதில் சுற்றளவைப் போட்டால் 12 பை வரும். அதுதான் இந்த 38. சுற்றளவு 9.4 மீட்டர், உயரம் 1 மீட்டர் என்றால் 2.3 கனமீட்டர்.

விற்பவரிடம் மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி மணல் ஒரு 'பாறைப் பொருள்'. அனுமதிச் சீட்டு இல்லாமல் அதை எடுப்பதும் கொண்டுசெல்வதும் குற்றம். சிலாங்கூரில் மணல் எடுப்பைக் கவனிப்பது மாநில அரசின் நிறுவனமான கும்பூலான் செமெஸ்தா. ஆற்றுப்படுகையை வரம்பின்றித் தோண்டினால் படுகை தாழ்ந்து, கரை சரிந்து, பாலத்தின் அடித்தளமே வெளியே தெரியும். உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்கிறது ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை. பாலைவனம் நிறைய மணல் இருந்தும் அது உதவுவதில்லை. காற்று உருட்டிய துகள்கள் அளவுக்கு மீறி நுண்மையாகவும் வழவழப்பாகவும் இருக்கின்றன. தரைக்கல்லுக்கு அடியில் போடக் கருங்கல் குவாரித் தூள் கிடைத்தால் அதையும் விசாரித்துப் பாருங்கள்.

மணல் வந்ததும் கால்வாய் ஓரத்தில் கொட்ட விடாதீர்கள். ஒரு மழைக்கே கால்வாய் அடைத்துக்கொள்ளும். மேலே கித்தான் போட்டு மூடுங்கள்.

இந்த வாரக் கணக்கு: பள்ளித் தோட்டத்தில் 12 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலத்தில் நடைபாதை போட வேண்டும். மணல் படுகை 4 சென்டிமீட்டர். வாளிச் சோதனையில் ஈர மணல் 28 சென்டிமீட்டரிலிருந்து 23 ஆகக் குறைந்தது. வீணாவதற்கு 10 விழுக்காடு. எத்தனை கனமீட்டர் கேட்பீர்கள்? அதில் உண்மையான உலர்மணல் எத்தனை டன்?