வேலங்குச்சியும் புளோரைட்டும்: பற்சூத்தையைத் தடுப்பது எது?

பல்லின்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும் பக்ரீரியாக்கள் உணவிலுள்ள சீனியை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமல் என்னும் மேற்படையிலிருந்து கல்சியத்தையும் பொசுபேற்றையும் கரைத்தெடுப்பதே பற்சூத்தையின் தொடக்கமாகும்.

ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கிய மரபு நம்முடையது. (பழமொழியில் வரும் வேல், பலர் எண்ணுவதுபோல் வேம்பு அன்று, கருவேல மரமாகும்.) குச்சியை மென்று தும்பாக்கித் தேய்க்கும்போது படலம் அகல்கிறது; பட்டையின் துவர்ப்பும் நுண்ணுயிர்களுக்கு ஒவ்வாதது. வேம்பின் சாறும் கராம்பிலுள்ள யூஜினோலும் பக்ரீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வுகூடங்களில் காணப்பட்டுள்ளது. ஆயினும் வாயினுள் உமிழ்நீர் இச்சாறுகளை விரைவில் கழுவிவிடுகிறது. பல் இழந்த கனிமத்தை மீட்டுத்தரும் ஆற்றலும் அவற்றுக்கு இல்லை.

அப்பணியைச் செய்வது புளோரைட்டு. கரைந்த கனிமம் எனாமலில் மீண்டும் படிய உதவுவதோடு, பக்ரீரியாக்கள் அமிலம் சுரப்பதையும் அது குறைக்கிறது. இதுவும் பாறையிலும் நீரிலும் இயற்கையாகவே உள்ள கனிமம் என்பதைப் பலர் அறியார். தருமபுரியிலும் அநுராதபுரத்திலும் கிணற்று நீரில் இது மிகுந்திருப்பதால் பற்களில் கறை படிந்தோரைக் கண்ட முதியோர் புளோரைட்டு என்றதும் அஞ்சுவது இயல்பே. ஆனால் அளவே இங்கு முதன்மையானது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள உச்ச வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், 1963 முதல் புளோரைட்டு சேர்க்கப்பட்டுவரும் ரொறன்ரோ குழாய்நீரில் உள்ளதோ ஏறத்தாழ 0.6 மில்லிகிராம். நீரைக் கொதிக்கவைப்பதால் அது நீங்காது. சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் வீட்டு வடிகட்டிகள் பெரும்பகுதியை நீக்கிவிடும்.

மூலிகைப் பற்பசை வாங்குவோர் அதில் புளோரைட்டு உள்ளதா எனப் பொதியில் பார்த்துக்கொள்வது நன்று. பெரும்பாலானவற்றில் அது இல்லை. கரித்தூளும் உப்பும் கலந்த பற்பொடிகள் நாளடைவில் எனாமலைத் தேய்த்துவிடும். கராம்பெண்ணெய் வலியை மரத்துப்போகச் செய்யுமேயன்றிச் சூத்தையை ஆற்றாது. வலி அடங்கிவிட்டதென்று மருத்துவரைக் காணாதிருப்பதே பெரும் இடர். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பட்டாணியளவு பற்பசை போதும். அதனைத் துப்பிவிடப் பழக்குதல் வேண்டும். அதனினும் இளையோருக்கு அரிசியளவே மிகுதி. அவர்களுக்குப் புளோரைட்டு தேவையா என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

குறைந்த வருமானமுள்ள குடும்பங்களில் 17 வயது வரையானோர் 'ஹெல்தி ஸ்மைல்ஸ் ஒன்ராறியோ' திட்டத்தின்கீழும், 65 வயதைக் கடந்தோர் ஒன்ராறியோ முதியோர் பற்சிகிச்சைத் திட்டத்தின்கீழும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். மாநகரப் பற்சிகிச்சை நிலையங்களின் விவரங்களுக்கு 311 என்னும் இலக்கத்தை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரின் உதவியைக் கோரலாம்.