மலையிலிருந்து கடல் வரை

நெடுந்தொலைவு செல்ல விரும்புவோன் கால்களை எடுத்து வைப்பதற்கு முன் கருத்தைச் செலுத்த வேண்டும். செல்லும் வழி, செல்லும் காலம், உடன் வருவோரின் உடல்நிலை ஆகிய மூன்றையும் எண்ணிப் பாராது புறப்படும் பயணம் பெரும்பாலும் துன்பத்திலேயே முடியும். இவ்வுண்மையை நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது என் தந்தையாரிடம் கற்றேன்.

எங்கள் ஊர் நீலகிரி மலையில் உள்ள கோத்தகிரி. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே எங்கள் வீடு இருக்கிறது. என் பாட்டியார் பிறந்தது இலங்கையின் மலைநாட்டில். 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவந்த தமிழர் பல்லாயிரவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். பாட்டியாரின் குடும்பமும் அவர்களுள் ஒன்று. 1972 ஆம் ஆண்டில், பதினாறு வயதுப் பெண்ணாக, தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் சில நாள் தங்கியபின், புகைவண்டியிலும் பேருந்திலுமாக இம்மலைக்கு வந்து சேர்ந்தார். அன்று முதல் அவர் கடலைக் கண்டதில்லை.

ஒரு நாள் மாலை, "கண் நன்றாகத் தெரியும்போதே அந்தக் கடலை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்" என்று பாட்டியார் கூறினார். தந்தையார் உடனே இசைந்தார். "அரையாண்டு விடுமுறையில் தனுஷ்கோடிக்குச் செல்வோம். தம்பி, பயணத்திட்டத்தை நீயே எழுதிக் கொண்டு வா" என்று என்னிடம் சொன்னார்.

நான் மகிழ்ச்சியோடு நிலப்படத்தை விரித்து வைத்துக் கணக்கிட்டேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அங்கிருந்து கோயம்புத்தூர் 35. பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரை 215. மதுரையிலிருந்து இராமேசுவரம் 170. அப்பால் தனுஷ்கோடி முனை 20. ஆக மொத்தம் ஏறத்தாழ 470 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வீதம் சென்றால் எட்டு மணி நேரத்தில் போய்விடலாம். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலை ஐந்து மணிக்குக் கடலைக் காண்போம் என்று எழுதி முடித்தேன்.

தந்தையார் அதனைப் படித்துப் புன்முறுவல் பூத்தார். "கணக்கில் பிழையில்லை. ஆனால் இக்கணக்கில் மலையும் இல்லை; மனிதரும் இல்லை" என்றார். பிறகு ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினார்.

"நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் 33 கிலோமீட்டரிலேயே இவ்வுயரத்தின் பெரும்பகுதியை நாம் இறங்கிவிடுவோம். கொண்டை ஊசி வளைவுகளில் 60 கிலோமீட்டர் வேகம் செல்லாது. இறங்கும் வண்டியின் ஆற்றல் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்தாயா? பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அவ்வாற்றல் முழுவதும் அங்கே வெப்பமாக மாறும். மிகுந்த வெப்பத்தில் பிரேக் பிடிக்காமல் போகும். ஆதலால் கீழ்க் கியரில் வைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு மெல்ல இறங்க வேண்டும். மேலேறி வரும் வண்டிக்கு நாம் ஒதுங்கி வழி விட வேண்டும். இப்பகுதிக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கு."

"மேலும், வண்டி ஓட்டுபவன் நான் ஒருவனே. இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை நான் இளைப்பாற வேண்டும். பாட்டியும் கால் நீட்டி நடக்க வேண்டும். உணவு உண்ணவும் நேரம் வேண்டும். இவற்றை நீ எழுதவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, தனுஷ்கோடியில் இரவு தங்க இடமில்லை. சென்றவர் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். உன் திட்டப்படி சென்றால், இவ்வளவு தொலைவு போயும் பாட்டி கடலை இருளில்தான் காண்பார்!"

நான் நாணித் தலைகுனிந்தேன். "இனித் திட்டத்தைப் புறப்படும் இடத்திலிருந்து எழுதாதே, அடைய வேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கி எழுது" என்று அவர் வழி காட்டினார். பாட்டியார் நண்பகலில் கடற்கரையில் நிற்க வேண்டுமாயின், காலை ஆறரை மணிக்கு மதுரையை விட்டுப் புறப்பட வேண்டும். அதற்கு முதல்நாள் இரவு மதுரையில் தங்க வேண்டும். இருட்டுவதற்குள் மதுரையை அடைய வேண்டுமாயின், காலை ஏழு மணிக்கே கோத்தகிரியை விட்டு இறங்க வேண்டும். இவ்வாறு ஒரு நாள் பயணம் இரு நாள் பயணமாயிற்று. திரும்புவதற்கும் இரு நாள் குறித்தோம். ஒவ்வொரு நாளிலும் எதிர்பாராத தடைக்கென ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வைத்தோம்.

பின்பு பொருள்களைக் குறித்தோம். உயரம் ஒரு கிலோமீட்டர் குறையக் குறைய வெப்பம் ஆறு பாகைக்குச் சற்று மேல் கூடும். ஆகவே மலையில் அணியும் கம்பளியோடு மெல்லிய பருத்தி ஆடையும் தேவை. பாட்டியாரின் மருந்துகள், எவர்சில்வர் பாத்திரத்தில் குடிநீர், மாற்று டயர், அதனைக் கழற்றும் கருவிகள் ஆகியவற்றைச் சேர்த்தோம். டயர்களையும் பிரேக்கையும் முன்னதாகவே பழுது பார்த்தோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலைச்சாலையில் மண் சரியும். கடற்கரையில் புயல் வீசும். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய கொடும்புயலில்தான் தனுஷ்கோடி ஊர் அழிந்தது. புகைவண்டியொன்றும் பயணிகளோடு கடலுள் மூழ்கியது. எனவே வானிலை அறிவிப்பில் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளி வைப்பது என்றும் எழுதிக்கொண்டோம்.

குறித்த நாளில் வானம் தெளிந்திருந்தது. புறப்பட்டோம். தேயிலையின் பசுமை பின்னே மறைய, பாக்குத் தோப்புகள் எதிர்ப்பட்டன. கொங்கு நாட்டின் விரிந்த வெளியில் காற்றாலைகள் சுழன்றன. தாராபுரத்திற்கு அருகே டயரில் ஆணி தைத்துக் காற்று இறங்கிவிட்டது. மாற்று டயரைப் பூட்டிப் பழுதானதைச் சரி செய்வதற்குள் ஒரு மணி நேரம் கழிந்தது. ஆயினும் எவரும் பதறவில்லை. தடைக்கென ஒதுக்கிய நேரம் எங்களிடம் இருந்தது. பொழுது சாயுமுன் மதுரையை அடைந்தோம்.

மறுநாள் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் ஆகிய ஊர்களைக் கடந்தோம். பனைமரங்கள் நிறைந்த மணற்பரப்பு வந்தது. மண்டபத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பாட்டியார் நாற்புறமும் நோக்கினார், ஒன்றும் பேசவில்லை. 1988 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின்மீது சென்றபோது இருபுறமும் நீலக்கடல் விரிந்தது. நண்பகலுக்குச் சற்று முன் தனுஷ்கோடி முனையில் இறங்கினோம்.

பாட்டியார் என் தோளைப் பற்றிக்கொண்டு மணலில் நடந்தார். அலை அவர் கால்களை நனைத்தது. தென்கிழக்கே கை நீட்டி, "அதோ, அந்தப் பக்கம்தான் தலைமன்னார். இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. என் தங்கையை அங்கே விட்டுவிட்டு வந்தேன்" என்றார். அவருக்குத் தங்கை ஒருவர் உண்டு என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். நெடுநேரம் அங்கேயே நின்றோம். விரைந்து கிளம்ப வேண்டும் என்று எவரும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் எழவில்லை.

மாணவர்களே! திட்டமிடுதல் என்பது விரைந்து செல்வதற்கான சூழ்ச்சி அன்று. அடைய வேண்டிய இடத்தில் அமைதியாக நிற்பதற்கு வேண்டிய நேரத்தை முன்னரே ஈட்டி வைத்தலாகும். வண்டியின் வலிமையையும் வழியின் இயல்பையும் அறிக. உடன் வருவோருள் மெலிந்தவர் எவரோ, அவருக்கு ஏற்ற அளவில் பயணத்தை அமைத்துக்கொள்க.