இறால் குளத்தில் வைரஸ்: மருந்தில்லாத நோயில் முதலைக் காப்பது எப்படி?

புத்தளம், முந்தல், சிலாபம் பகுதிகளிலுள்ள இறால் பண்ணைகளுக்குத் தீனும் சுண்ணாம்பும் விற்று வருபவன் நான். கடைக்கு வருவோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "நானா, வெண்புள்ளிக்கு என்ன மருந்து வந்திருக்கு?" ஒன்றும் வரவில்லை என்பதே என் பதில். சிலர் நம்பாமல் அடுத்த கடைக்குப் போய் ஏதாவதொரு போத்தலை வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த நோய்க்கு ஏன் மருந்தில்லை, மருந்தில்லாத நோயிலிருந்து போட்ட முதலை எப்படிக் காப்பாற்றுவது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

நோய் வந்த பாதை

வெண்புள்ளி நோய் 1990களின் ஆரம்பத்தில் சீனா, தாய்வான் பகுதியில் தலைகாட்டியது. 1993இல் ஜப்பானில் பரவியது. சீனாவிலிருந்து இறக்குமதியான இறால் குஞ்சுகளோடுதான் அது அங்கு போய்ச் சேர்ந்தது. அதைத் தொடர்ந்து தாய்லாந்தும் இந்தியாவும் பாதிக்கப்பட்டன. 1996இல் நமது வடமேல் மாகாணப் பண்ணைகளை அது பிடித்தது. 1999இல் எக்குவடோரின் பண்ணைகளையும் வீழ்த்தியது. நாடு விட்டு நாடு இந்த நோய் பெரும்பாலும் வியாபாரத்தோடு சேர்ந்தே பயணம் செய்தது என்பதை வியாபாரிகளாகிய நாம் மனதில் வைக்க வேண்டும்.

இறாலின் உடம்புக்குள்

இந்த வைரஸ் இறாலுக்குள் நுழையும் பிரதான வழி வாய். செத்த இறாலை உயிருள்ள இறால் தின்னும். அந்த இரையோடு வைரஸும் உள்ளே போகும். செவுள் வழியாகவும் நீரிலிருந்து புகும். உள்ளே போனதும் இரைப்பை, செவுள், ஓட்டுக்குக் கீழுள்ள தோல், இரத்தத்தை உண்டாக்கும் பகுதி என்று பல இடங்களின் உயிரணுக்களுக்குள் குடியேறி, அந்த அணுக்களைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அணுக்கள் அழிகின்றன. முதலில் இறால் தீன் தின்பதைக் குறைக்கும். பிறகு சோர்ந்து குளத்தின் ஓரத்துக்கு வரும். சாவு தொடங்கினால் மூன்று முதல் பத்து நாட்களுக்குள் முழுக் குளமும் வெறுமையாகிவிடலாம்.

ஓட்டில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் கல்சியம் படிவதால் வருபவை. நோய் வேகமாகத் தாக்கும்போது புள்ளி விழுமுன்பே இறால் செத்துவிடும். வேறு காரணங்களாலும் புள்ளி வரலாம். ஆகவே புள்ளி தெரியட்டும் என்று காத்திருப்பவர் காலம் கடந்துதான் விழிப்பார். தினமும் தீன் தட்டைத் தூக்கிப் பார்ப்பவருக்கு, மிஞ்சிக் கிடக்கும் தீன் முன்கூட்டியே சேதி சொல்லும்.

அன்டிபயட்டிக் மருந்துகள் பக்டீரியாவையே கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யா. மனிதருக்கும் மீனுக்கும் உள்ளது போல, ஒருமுறை கண்ட கிருமியை நினைவில் வைத்து எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் இறாலுக்கு இல்லை. எனவே மீனுக்குப் போடுவது போலத் தடுப்பூசி போட்டும் தப்பிக்க முடியாது. மருந்து என்ற பெயரில் அன்டிபயட்டிக்கைக் கொட்டினால் பணமும் போகும். தடைசெய்யப்பட்ட மருந்தின் எச்சம் இறாலில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டால் ஐரோப்பியச் சந்தை அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

நான்கு வாசல்கள்

முதலாவது, தாய் இறால். கருவண்டன் எனப்படும் கறுப்புப் புலி இறாலின் தாய்களைப் பெரும்பாலும் கடலிலிருந்தே பிடித்து வருகிறார்கள். வெளியே சுகமாகத் தெரியும் தாயின் உடம்பில் வைரஸ் ஒளிந்திருந்து, முட்டையிடும் களைப்பில் பெருகிக் குஞ்சுக்குப் போய்விடும். அதனால் தாயையும் சோதிக்க வேண்டும், குஞ்சையும் சோதிக்க வேண்டும். பி.சீ.ஆர். அறிக்கையில் எத்தனை குஞ்சு சோதித்தார்கள் என்று பாருங்கள். 150 குஞ்சுகளைச் சோதித்து ஒன்றிலும் வைரஸ் இல்லையென்றால், அந்தக் கூட்டத்தில் நோயுள்ளவை நூற்றுக்கு இரண்டை எட்டியிருக்காது என்று 95 வீத உறுதியோடு சொல்லலாம். பத்துக் குஞ்சை மட்டும் சோதித்துத் தரும் அறிக்கைக்கு அந்தப் பெறுமதி கிடையாது. நல்ல அறிக்கையும் பூரண உத்தரவாதம் அல்ல. ஒரு இலட்சம் குஞ்சில் நூற்றுக்கு ஒன்று என்றாலும் ஆயிரம் குஞ்சுகள் நோயோடு குளத்தில் இறங்கும்.

இரண்டாவது, நீர். நமது பகுதியில் ஒல்லாந்தர் கால்வாயிலும் களப்பிலும் நீர் எடுத்து, கழிவு நீரையும் அங்கேயே விட்டதுதான் 1996இல் நோய் காட்டுத்தீ போலப் பரவ முக்கிய காரணங்களில் ஒன்று. வைரஸ் குளத்து நீரில் மூன்று நான்கு நாட்களாவது உயிர்ப்போடிருக்கும். ஆய்வுகூடத்துக் கடல் நீரில் 30 நாட்கள் வரை இருந்ததாகவும் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, காவிகள். நண்டு, காட்டு இறால், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு நீர்ப்பூச்சிகள் ஆகியவை சாகாமலேயே வைரஸைச் சுமக்கும். காகமும் நீர்க்காகமும் ஒரு குளத்தில் செத்த இறாலைத் தூக்கி அடுத்த குளத்தில் போடும். குளத்தைச் சுற்றி நண்டு வேலி, மேலே பறவைக் கயிறு, நீர் வாசலில் நெருக்கமான வலை, குளோரின் போட்டு நீரைத் தேக்கி வைக்கும் தனிக்குளம் என்பன இதற்காகவே.

நான்காவது வாசல் மனிதன். நோய் கண்ட பண்ணையாளர் இரவோடிரவாக அறுவடை செய்து, மதகைத் திறந்து, ஒருவருக்கும் சொல்லாமல் இருந்துவிடுகிறார். இந்த வைரஸ் மனிதரைப் பாதிக்காது என்பதால் இறாலை விற்பதில் தவறில்லை. தவறு மதகைத் திறந்ததில் இருக்கிறது. கால்வாயில் இறங்கிய அந்த நீரை அடுத்த நாள் அயலவர் மோட்டார் போட்டு இழுப்பார். ஐஸ் போட்டாலும் வைரஸ் சாகாது என்பதால், கழுவிய நீரையும் தலைகளையும் களப்பில் கொட்டினால் அதே ஆபத்துத்தான்.

கணக்கைப் பாருங்கள்

நீரை வெளியே விடாமல் அடைத்து வைத்துக் குளோரின் போடுவதற்குக் கொஞ்சம் பணம் செலவாகும், சில நாட்களும் போகும். அதை மிச்சம் பிடிப்பவர் தன் நஷ்டத்தை அயலவர் தலையில் இறக்குகிறார். அயலவர் குளம் செத்தால் அங்கிருந்து வெளியேறும் நீர் அடுத்த போகத்தில் இவரிடமே திரும்பி வரும். இடையில் தீனைக் கடனுக்குக் கொடுத்த என்னைப் போன்றவர்களின் கடன் கொப்பியும் சேர்ந்தே மூழ்கும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. சிலி நாட்டில் 2007இல் சமன் மீன் பண்ணைகளில் வேறொரு வைரஸ் பரவியது. நெருக்கமாகக் கூடுகள் கட்டி, ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு மீன் வளர்த்த கடல் அது. சில வருடங்களில் உற்பத்தி பெருமளவு சரிந்தது. பிறகு பண்ணைகளை வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்திலுள்ள அனைவரும் ஒரே காலத்தில் கூடுகளை வெறுமையாக்கி ஓய்வு விட வேண்டும் என்று விதி செய்தார்கள். நமது நாட்டில் நக்டா என்று அழைக்கப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து நடைமுறைப்படுத்திய பயிர்க் காலண்டரின் கருத்தும் இதுவேதான். வலயத்துக்கு வலயம் குஞ்சு விடும் காலம் குறிக்கப்படுகிறது. நோய்க்குத் தொடர்ந்து இரை கிடைக்காமல் சங்கிலி அறுகிறது. காலண்டரை மீறிக் குஞ்சு விடும் ஒருவர் அந்தச் சங்கிலியை மீண்டும் பொருத்திவிடுகிறார்.

பெருமழையால் நீரின் சூடும் உப்பும் திடீரென்று குறையும்போது ஒளிந்திருக்கும் வைரஸ் தலைதூக்கும். குஞ்சு விடும் நாளை முடிவு செய்யும்போது இதையும் கவனியுங்கள்.

கடனுக்குத் தீன் கேட்டு வருபவரிடம் இப்போது நான் நான்கு விடயங்களைக் கேட்கிறேன். குஞ்சின் பரிசோதனை அறிக்கை எங்கே? நீரைத் தேக்கி வைக்கத் தனிக்குளம் இருக்கிறதா? காலண்டர்படிதான் குஞ்சு விடுகிறீர்களா? நோய் வந்தால் முதலில் யாருக்குச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பலர் என் பெயரைச் சொல்கிறார்கள். எனக்குப் பிறகு சொன்னால் போதும். மதகில் கை வைக்குமுன் பக்கத்துக் குளத்துக்காரருக்கும் சங்கத்துக்கும் சொல்லுங்கள். அவர்கள் அன்றே தங்கள் மோட்டாரை நிறுத்திக்கொண்டால், அந்தப் போகத்தில் சில குளங்களாவது தப்பும்.